பூச்சியம் எந்தப் பக்கம்?

லியோன், பிரான்ஸ்
14-10-1980

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. விடைத்தாளில் உள்ள கையொப்பத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

நெல்லித்தோப்பில் உங்கள் வகுப்பில் படிக்கும் தனம் என் மகள். அவளை வளர்த்துவரும் என் அக்கா சொர்ணம், காலாண்டுத் தேர்வுத் தாள்களைக் கையெழுத்துக்காக எனக்கு அனுப்பியிருந்தாள். கணக்குத் தாளில் ஒரு கேள்வி: பூச்சியம் மிகை எண்ணா, குறை எண்ணா? தனம் 'இரண்டும்தான்' என்று எழுதியிருக்கிறாள். அதன் மேல் நீங்கள் சிவப்பு மையால் கோடு கிழித்திருக்கிறீர்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் 'அடம் கூடாது' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே பரீட்சை வரை படித்தவன். எங்கள் கணக்கு வாத்தியார், மேத்ரு என்போம், பிரம்பை மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது இது: பூச்சியம் மிகை எண்ணும் ஆகும், குறை எண்ணும் ஆகும். இரண்டு பக்கத்துக்கும் அது சொந்தம். நான் இங்கே வேலை பார்க்கும் கட்டடத்தில் குடியிருக்கும் பிள்ளை ஒன்றின் பாடப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். நான் மகளுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதைத்தான் சொல்லியிருந்தேன்.

தாயில்லாப் பிள்ளை என்று இரக்கம் கேட்கவில்லை. சரியான விடைக்கு உரிய மதிப்பெண்ணைக் கேட்கிறேன். 'அடம்' என்ற சொல்லையும் அடித்துவிட வேண்டும்.

இங்ஙனம்,
மு. காசிலிங்கம்
ஓய்வுபெற்ற செர்ழான், பிரெஞ்சு ராணுவம்

* * *

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
29-10-1980

ஐயா அவர்களுக்கு,

என் பெயர் கமலவேணி. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்று என் வீட்டுக்காரரே சொல்வார், நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்ததும் ஆசிரியர் அறையே என்னைச் சூழ்ந்துகொண்டது. எல்லோரும் பார்க்க உங்களிடம் திட்டு வாங்கினேன். இருக்கட்டும்.

நமக்கு வரும் பாடநூலில் பூச்சியம் மிகையுமல்ல, குறையுமல்ல என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. உங்கள் மேத்ரு சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கும்போலிருக்கிறது. ஆனால் நாளைக்கு வெளித்தேர்வில் தாள் திருத்துகிறவர் இந்தப் பிள்ளையின் அப்பா எங்கே படித்தார் என்று விசாரித்துக்கொண்டா இருப்பார்? ஊரோடு ஒத்து வாழ் என்பது கணக்குக்கும் சேர்த்துத்தான்.

'அடம்' என்று ஏன் எழுதினேன் என்பதையும் கேளுங்கள். தாளைக் கொடுத்ததும் தனம் எழுந்து நின்றாள். "எங்க அப்பா சொல்லியிருக்காரு டீச்சர்" என்றாள். "உங்க அப்பா வந்தா இங்க பரீட்சை எழுதப் போறாரு? உட்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றாள். மற்றபடி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அது. அன்றிலிருந்து என் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. பாவாடை என்று ஒரு பையன் இருக்கிறான், வாயாடி. "பூச்சியத்துக்கு ரெண்டு வூடாம்டா, தீபாவளிக்கு ரெண்டு சட்டை கெடைக்கும்" என்று கத்துகிறான். அடுத்த வாரத் தேர்வில் பாதிப் பிள்ளைகள் உங்கள் மேத்ரு கட்சியில் சேர்ந்து எழுதிவிட்டார்கள். நான் யாருக்கென்று மதிப்பெண் போடுவது? போட மாட்டேன்.

குறை எண்ணை இந்தப் பிள்ளைகளின் தலைக்குள் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் நாளே அந்தப் பாவாடை கேட்டான்: "ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ என்னா டீச்சர் இருக்கும்?" நியாயமான கேள்வி. வகுப்பை அப்படியே பள்ளிக்கூடத்து உறைக்கிணற்றடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தரைதான் பூச்சியம். மேலே கட்டியிருக்கும் உறைகள் மிகை ஒன்று, மிகை இரண்டு. தரைக்குக் கீழே இறங்கும் உறைகள் குறை ஒன்று, குறை இரண்டு. தண்ணீர் குறை ஏழில் கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "கீழயும் எண்ணலாம்டா" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, பூச்சியத்தைப் பற்றி நீங்களே மகளுக்கு எழுதிச் சொல்லுங்கள். என் பேச்சைவிட உங்கள் பேச்சுதான் அவளிடம் எடுபடுகிறது.

இப்படிக்கு,
கமலவேணி

* * *

லியோன்
12-11-1980

மதிப்பிற்குரிய கமலவேணி டீச்சருக்கு,

நீங்கள் எழுதிய கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சண்டை பிடிக்கத்தான் உட்கார்ந்தேன், அந்த வரியால் முடியவில்லை.

என் மகள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. 1978 ஜூனில் என் மனைவி ஜெயம் தவறினாள். வந்து காரியம் முடித்துவிட்டு, பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று தனத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தப் பொங்கலுக்கு வர வாய்க்கவில்லை. அடுத்ததற்கும் இல்லை. அதிலிருந்து அவளிடமிருந்து ஒரு வரி கிடையாது. நான் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கொஞ்சி எழுத எனக்கு வராது. கணக்கு வரும். அதனால் கணக்கு எழுதுவேன். பிரிக்கிறாளா, அப்படியே அடுப்பில் போடுகிறாளா என்றுகூடத் தெரியாது. அக்காவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டாரை வைத்துத்தான் எதையும் தபாலில் அனுப்புகிறாள்.

டீச்சர், அவள் என் கடிதங்களைப் படிக்கிறாள் என்பதே எனக்கு நீங்கள் போட்ட சிவப்புக் கோட்டால்தான் தெரிந்தது. இந்த இரண்டு வருடத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த பதில் அந்த 'இரண்டும்தான்' ஒன்றுதான். அதைத் தவறு என்று நீங்கள் அடித்தபோது எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

மதிப்பெண் வேண்டாம். விட்டுவிடுங்கள்.

வரும் ஜூலையில் அவளை இங்கே அழைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். இங்கே படித்தால் ஆளாகிவிடுவாள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நான் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கர்தியேனாக இருக்கிறேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்கு ஓர் அறை உண்டு. அவளுக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது.

உங்கள் கிணற்றுக் கணக்கு எனக்குப் பிடித்தது. இங்கே லிஃப்டிலேயே அது இருக்கிறது. வாசல் தளம்தான் பூச்சியம். மேலே ஒன்று முதல் ஒன்பது வரை. கீழே கார் நிறுத்துமிடம், அதற்கும் கீழே கொதிகலன். பொத்தான்களில் குறை ஒன்று, குறை இரண்டு என்றே எழுதியிருக்கும். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வரைந்தது என்று தனத்திடம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

காசிலிங்கம்

* * *

நெல்லித்தோப்பு
2-12-1980

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் அந்தத் தாளை மறுபடியும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அது உங்களிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்திருங்கள். 'அடம்' என்று நான் எழுதியதை நீங்களே அடித்துவிடுங்கள். நான் அனுமதி தருகிறேன்.

லிஃப்டுப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். 'தனத்தின் அப்பா வரைந்தது' என்று சொல்லியே ஒட்டினேன், நான் மூடி மறைக்கிற ஆள் இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இந்த ஊரில் லிஃப்ட் ஏறிய பிள்ளை எங்கள் வகுப்பில் ஒன்றுகூடக் கிடையாது. இப்போது எல்லாரும் லிஃப்ட்காரர்கள். "கொற ரெண்டுல ஏறுனேன், மூணு மாடி மேல போனேன், எங்க நிப்பேன்?" என்று ஒருத்தி கேட்டால், "ஒண்ணாம் மாடி!" என்று பத்துப் பேர் கத்துகிறார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து, "கமலவேணியம்மா, லிஃப்ட கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

தனம் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் கேட்பீர்கள் என்று இதையும் எழுதுகிறேன்: மதியம் எல்லோரும் சாப்பிட ஓடிய பிறகு அதன் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பூச்சியப் பொத்தானில் விரல் வைத்திருந்தாள். நான் பார்க்காததுபோல் போய்விட்டேன்.

இங்கே ஐப்பசி மழை பிடித்தது, விட்டபாடில்லை. கிணற்றில் தண்ணீர் குறை ஏழிலிருந்து குறை மூன்றுக்கு ஏறிவிட்டது. மழையில் பிள்ளைகள் வருவது குறைந்தது. அதையும் பாவாடை கணக்காக்கிவிட்டான். கரும்பலகை மூலையில் வருகை எழுதுவோம் இல்லையா? வகுப்பு முழுதும் வந்திருந்தால் பூச்சியம், மூன்று பேர் வராவிட்டால் குறை மூன்று. அதுவே பழக்கமாகிவிட்டது. "இன்னிக்கு வகுப்பு என்னா?" என்று கேட்டால் "கொற அஞ்சு டீச்சர்" என்கிறார்கள்.

கூட்டல் இப்படி ஓடிவிடுகிறது. எனக்குப் பயம் அடுத்த பாடம்தான். குறை எண்ணைக் கழிப்பது. குறை மூன்றிலிருந்து குறை இரண்டைக் கழி என்றால் எதைக் காட்டுவேன்? கிணறும் உதவாது, உங்கள் லிஃப்டும் உதவாது. ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் வண்டி குடைசாய்கிறது. உங்கள் மேத்ரு இதை எப்படி நடத்தினார்?

கடைசியாக ஒன்று, தப்பாக நினைக்கக் கூடாது. ஜூலைக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா?

கமலவேணி

* * *

லியோன்
28-12-1980

டீச்சருக்கு,

இங்கே கடும் குளிர். நோயல், நம் ஊர்க் கிறிஸ்துமஸ், அன்று காலை வாசலில் வெப்பமானி குறை ஐந்து காட்டியது. இன்று குறை இரண்டு. குளிர் மூன்று குறைந்தது என்கிறோம், அப்படியென்றால் சூடு மூன்று கூடியது என்றுதானே அர்த்தம்? குறையைக் கழித்தால் கூடுகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாதா?

எங்கள் மேத்ரு எதையும் விளக்கியதில்லை. குறையைக் குறைத்தால் மிகை என்று பாட்டாகச் சொல்லவைத்தார். தப்பினால் முட்டியில் அடி. எனக்கு இன்றும் பாட்டு தெரியும், காரணம் தெரியாது. ராணுவத்தில் காரணம் கேட்கவும் கூடாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேட்பதற்கு என்ன இருக்கிறது? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது நல்லது என்று அப்பனுக்குத் தெரியாதா? நெல்லித்தோப்பில் படித்து என்ன ஆவாள்? எங்கள் தெருவில் மில்லுக்குப் போனவர்களையும் பார்த்தவன் நான், கப்பல் ஏறிப் போனவர்களையும் பார்த்தவன். கப்பல் ஏறியவர்கள்தான் கரையேறினார்கள். அவள் பேசாமல் இருப்பது சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் பிரெஞ்சு கான்சல் ஆபீஸில் அவள் போட்டோவும் பள்ளிச் சான்றும் கொடுக்க வேண்டும். அக்கா தனியாகப் போய்ப் பேசத் தெரியாதவள். அதோடு இந்த விஷயத்தை எடுத்தாலே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாளாம். நீங்கள் தனத்திடம் நல்லபடி எடுத்துச் சொல்லி, போட்டோ எடுக்கவைத்தால் உபகாரமாக இருக்கும். உங்களிடம் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

காசிலிங்கம்

* * *

நெல்லித்தோப்பு
25-1-1981

ஐயா அவர்களுக்கு,

போட்டோ எடுக்கவில்லை. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் குறை எண்களைக் கழிக்கும் பாடத்தை எடுத்தேன். உங்கள் குளிர்க் கணக்கைத்தான் முதலில் சொன்னேன். ஏறவில்லை. இவர்களுக்குக் குளிர் என்றால் மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டுவதுதான். குளிரைக் கழிப்பது என்றால் "கம்பளி போத்திக்கிறதா டீச்சர்?" என்கிறார்கள். எண் கோடு போட்டேன், திரும்பி நில், பின்னால் நட என்றேன். பாவாடை எதிர்த்திசையில் நடந்து அஞ்சலாட்சியின் காலை மிதித்துவிட்டான். ஒரே கூச்சல். எனக்கும் சலித்துவிட்டது. "சரி, உங்கள்ல யாராவது ஒரு கணக்குச் சொல்லுங்க. கொறயிலேர்ந்து ஒரு கொறய எடுக்கணும். யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

தனம் எழுந்தாள். நான் கூப்பிடவில்லை. நேராகக் கரும்பலகைக்குப் போனாள். மூலையில் வருகை எழுதுகிற இடத்தில் சாக்பீஸை வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

"எங்க வூட்டுல ரெண்டு பேரு இல்ல டீச்சர். அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு. வூடு கொற ரெண்டு. அம்மாவோட கொறய எடுக்க முடியாது. அப்பா வந்துட்டாருன்னா அந்தக் கொறய எடுத்துடலாம். கொற ரெண்டுலேர்ந்து கொற ஒண்ண எடுத்தாச்சு. அப்பறம் வூடு கொற ஒண்ணுதான்."

சொல்லிக்கொண்டே எழுதினாள்:

−2 − (−1) = −1

பாவாடைதான் முதலில், வழக்கம்போலக் கத்தாமல், மெதுவாக, "ஆமாம் டீச்சர். இல்லாதவங்க வந்துட்டா அது கூடுறதுதான" என்றான். எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது. இத்தனை வருடம் நான் முட்டி மோதிய இடம் அது. நான் சாக்பீஸ் விழுந்ததுபோல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். அழுதேன் ஐயா. மறைப்பானேன்?

மணி அடித்தபின் அவளை நிறுத்தினேன். நீங்கள் சொன்னபடி நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன். "அப்பா உன்னை அங்க கூப்புடுறாரே, நீ அங்க போனாலும் அப்பாகூடத்தான இருப்ப?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கணக்குத் தெரியாத டீச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் போயிட்டா அத்தைக்கு இங்க கொற ஒண்ணு ஆயிடும் டீச்சர். அது எடுக்கறது இல்ல. கொறயத் தூக்கி வேற வூட்டுல வைக்கிறது."

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அவளைப் போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை. அது உங்கள் குடும்ப விஷயம், நான் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனால் அவள் பேசாமல் இருப்பது சம்மதம் என்று எழுதியிருந்தீர்களே, அது தப்பு. அந்த விடைக்கு நான் சிவப்புக் கோடுதான் போடுவேன்.

கமலவேணி

* * *

லியோன்
8-3-1981

டீச்சருக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. உட்காருவேன், வணக்கம் என்று எழுதுவேன், அதற்குமேல் கை ஓடாது.

அம்மாவோட கொறய எடுக்க முடியாது என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நானும் அழுதேன். ஜெயம் போனபோதுகூட அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. வேலை, வேலை என்று சொன்னதெல்லாம் உண்மைதான். பயமும் உண்மை. பிள்ளையை இங்கே வரவழைத்துவிட்டால் அந்த வீட்டுக்குள் மறுபடியும் போகாமலே தப்பித்துவிடலாம் என்று எனக்கே தெரியாமல் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அவள் போட்ட கணக்கு அதைவிடச் சரியாக இருக்கிறது.

கான்சல் ஆபீஸ் மனுவை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். இங்கே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். கட்டடத்துக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ள மே மாதம் வரை கேட்டிருக்கிறார்கள். என் ராணுவ ஓய்வூதியத்தைப் புதுச்சேரியிலேயே வாங்கிக்கொள்ளலாம், மூன்று பேருக்குப் போதும். அக்காவிடம் பக்கத்து வீட்டார் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மே கடைசி வாரத்தில் வந்துவிடுவேன்.

தனத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். முதல்தடவையாக அதில் கணக்கு எதுவும் எழுதவில்லை. நீளம் மிகவும் குறைந்துவிட்டது.

காசிலிங்கம்

* * *

நெல்லித்தோப்பு
24-3-1981

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சந்தோஷம் என்று ஒரு சொல்லில் எழுதினால் போதாது, ஆனால் நான் உடனே துள்ளிக் குதிக்கப் போவதும் இல்லை. சூடு கண்ட பூனை நான் இல்லை, உங்கள் மகள்.

உங்கள் கடிதத்தை அவள் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். சட்டைக்குள் வைத்திருந்து வியர்வையில் மை ஊறியிருந்தது. "மே கடைசின்னா வந்துடுவாரா டீச்சர்?" என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன கான்சல் ஆபீஸா, முத்திரை குத்திக் கொடுக்க? "உங்க அப்பா எழுதியிருக்காரு, உங்க அப்பாவத்தான் கேக்கணும்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். பொங்கல் கதை இன்னொரு தடவை நடந்தால் இந்தப் பிள்ளை இனிமேல் யார் சொல்லும் கணக்கையும் நம்பாது. அன்றைக்கு நான் உங்களுக்கு எழுதுகிற கடிதத்தை நீங்கள் படிக்கவே முடியாது, அவ்வளவு மோசமாக இருக்கும்.

சொர்ணத்தம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார், பிள்ளையைச் சீமைக்கு அனுப்ப நானும் கூட்டு என்று நினைத்திருப்பார் போல. இப்போது நிறுத்தி, "தம்பிக்கு வஞ்சிரம் புடிக்கும் டீச்சரம்மா. மே மாசத்துல நல்லதாக் கெடைக்குமா?" என்று கேட்டார். அவர் நம்பிவிட்டார்.

ஆண்டுத் தேர்வு வருகிறது. தனம் நன்றாகச் செய்வாள். பூச்சியத்தைப் பற்றி மறுபடியும் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன், இந்தத் தடவை எனக்கு மானம் போகக் கூடாது.

இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். தனம் பக்கத்தில் நிற்கிறாள். எழுதினால் எழுதட்டும், இல்லாவிட்டால் அப்படியே ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிடட்டும். நான் பார்க்க மாட்டேன்.

கமலவேணி

அப்பா,
நான் நன்றாக இருக்கிறேன். அத்தை நன்றாக இருக்கிறது. பரீட்சையில் பூச்சியம் இரண்டுமில்லை என்று எழுதுவேன். ஆனால் இரண்டும்தான். டீச்சரிடம் சொல்ல வேண்டாம். மே மாசம் நீங்கள் வராவிட்டால் நானும் டீச்சர் கட்சிக்குப் போய்விடுவேன்.
தனம்

* * *

நெல்லித்தோப்பு
15-6-1981

வகுப்பு ஆசிரியை கமலவேணி அவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பிலும் உங்களிடமே படிக்கும் என் மகள் தனம் இன்று பள்ளிக்கு வர இயலாது. கரும்பலகை மூலையில் வகுப்புக்குக் குறை ஒன்று போட்டுக்கொள்ளவும்.

இன்று ஜெயத்துக்குத் திதி. போன இரண்டு வருடமும் அக்காவும் தனமும்தான் இலை போட்டார்கள். இந்த வருடம் நான் இருக்கிறேன். கொல்லையில் காக்கைக்குச் சோறு வைக்கப் போன தனம், என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்திருக்கிறாள். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது குறை ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக அவளுக்கு இன்று ஒரு நாள் மட்டும் விடுப்புத் தர வேண்டுகிறேன். நாளைக் காலையில் நானே கொண்டுவந்து விடுகிறேன். பூச்சியம் எந்தப் பக்கம் என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம், தனம் நடுவில் நிற்பதாகச் சொல்கிறாள்.

இங்ஙனம்,
தனத்தின் அப்பா